பைபர் படகும் திட எரிபொருள் ராக்கெட்டும்

பாம்பன், மண்டபம் பக்கம் பைபர் படகு வாங்கும்போது ஒரு நாணயத்தை எடுத்து விளிம்பிலிருந்து தட்டிக்கொண்டே வந்து பாருங்கள். கண்ணாடியிழை விரிப்பும் (மேட்) ரெசின் என்கிற பிசினும் ஒட்டியிருக்கும் இடம் ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். அடுக்கு விட்ட இடம் ‘டொப்’ என்னும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே ஒட்டு போயிருக்கும். இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் மூன்றாவதாக எரியும் பகுதியை, அதாவது மூன்றாம் நிலையைப் புரிந்துகொள்ள இந்த நாணயம் போதும்.

அந்த நிலையின் உறை இரும்பு இல்லை. கெவ்லார் இழையைப் பிசினில் தோய்த்துச் சுற்றிய கூடு. அதன் உட்புறம் வெப்பம் தாங்கும் ரப்பர், அதன்மேல் லைனர் என்கிற பசைப்பூச்சு, அதை ஒட்டி ஏறத்தாழ 7.6 டன் திட எரிபொருள். நாலு சரக்கு, மூணு ஒட்டு. 2025 மே 18-ல் பிஎஸ்எல்வி-சி61 ஏறியபோது இந்த நிலையில்தான், எரிபொருள் எரியும் அறையின் அழுத்தம் விழுந்தது. 1,696 கிலோ எடையுள்ள இஓஎஸ்-09 செயற்கைக்கோள் போய்விட்டது. 2026 ஜனவரி 12-ல் பிஎஸ்எல்வி-சி62. அதிலும் மூன்றாம் நிலை முடியும் தறுவாயில் ராக்கெட் தன் அச்சில் சுழல ஆரம்பித்துப் பாதை மாறியது.

அழுத்தம் விழுவது ஒரு நோய், ஏறுவது வேறு நோய். விழுந்தால் உறையில் எங்கோ கசிவு, அல்லது வாயு வெளியேறும் நாசிலின் தொண்டை அரித்து அகன்றுவிட்டது. ஐரோப்பாவின் வேகா-சி ராக்கெட் 2022 டிசம்பரில் விழுந்தது இந்த இரண்டாவது காரணத்தால்: தொண்டையில் வைத்த கார்பன் வளையம் தாங்கவில்லை.

ஏறுவதைப் புஸ்வாணத்தில் பார்த்திருப்பீர்கள். மருந்து இறுகாமல் விரிசல் விட்டிருந்தால் பூப்பூவாகக் கொட்டாமல் ‘படார்’ என்று சட்டியே தெறிக்கும். எரிவது மேற்பரப்பு மட்டுமே. விரிசல் என்றால் புதுப் பரப்பு. பரப்பு கூடினால் வாயு கூடும், அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும். வழக்கமான கலவைக்குக் கணக்குப் போட்டால் எரிபரப்பு 10% கூடும்போது அழுத்தம் 16% ஏறும். 30% கூடினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உறைக்கு அவ்வளவு தெம்பு வைத்துக் கட்டினால் எடை ஏறி செயற்கைக்கோளுக்கு இடமிருக்காது.

விரிசல் எங்கிருந்து வருகிறது? பாதி, சமையலில். 100 கிலோ எரிபொருளில் சுமார் 68 கிலோ அமோனியம் பெர்குளோரேட் என்கிற ஆக்சிஜன் தரும் உப்பு, 18 கிலோ அலுமினியத் தூள், மீதி எச்டிபிபி என்கிற ரப்பர் பிசின். கெட்டிப்படுத்தும் ஐசோசயனேட்டைக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். சேர்த்துவிட்டால் சில மணி நேரத்தில் ஊற்றியாக வேண்டும், ரெசினில் கேட்டலிஸ்ட் விட்ட மாதிரிதான். கடற்கரை ஈரம் இதற்கு எமன்: ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி, உள்ளே குமிழாக நின்றுவிடும். காற்றுக் குமிழும் நிற்காமலிருக்க வெற்றிடத்தில் ஊற்றுகிறார்கள். பிறகு 60 டிகிரி வாக்கில் நாள்கணக்கில் வேகவைத்து ஆறவிடும்போது எரிபொருள் உறையைவிட அதிகமாகச் சுருங்கும். அந்த இழுப்பு முழுக்க ஒட்டின் ஓரத்தில் போய் நிற்கிறது. அங்கே மயிரிழை விட்டாலும் தீ ரப்பர் காப்பை முன்கூட்டியே தொட்டுவிடும். எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக் எல்லாம் எடுக்கிறார்கள். ஆனால் ஒட்டு விட்டும், விலகாமல் தொட்டுக்கொண்டே நிற்கும் இடத்தை எக்ஸ்ரேயில் பிடிப்பது கஷ்டம்.

திரவ இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்த்து, அதையே ஏற்றலாம். திட எரிபொருள் மோட்டாரை அப்படி முடியாது. ஓட்டிப் பார்த்ததும் அது தீர்ந்தது. சோதித்தது ஒன்று, பறப்பது அதன் தம்பி. பற்றிக்கொண்டால் நிறுத்தவும் வழியில்லை. 2003 ஆகஸ்ட் 22-ல் பிரேசிலின் அல்காந்தராவில் ஏவுவதற்குச் சில நாள் இருக்கும்போது மேடையிலேயே ஒரு மோட்டார் தானாகப் பற்றி 21 பேர் இறந்தார்கள்.

ஆனாலும் எல்லாப் பழியையும் எரிபொருள்மேல் போடுவது சரியில்லை. ராமேஸ்வரத்துக்காரர் கலாம் இயக்குநராக இருந்த எஸ்எல்வி-3, நாலு நிலையும் திட எரிபொருள். 1979 ஆகஸ்ட் 10-ல் அது வங்கக்கடலில் விழுந்ததற்குக் காரணம், இரண்டாம் நிலையைத் திசைதிருப்பும் திரவ அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நைட்ரிக் அமிலம் ஒழுகியது. 2022 ஆகஸ்ட் 7-ல் இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி முதன்முறை பறந்தபோது அதன் மூன்று திட நிலைகளும் ஒழுங்காகவே எரிந்தன. இரண்டாம் நிலை பிரிந்த அதிர்வில், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் திணற, கணினி அவை கெட்டுவிட்டன என்று முடிவெடுத்தது. செயற்கைக்கோள்கள் 356-க்கு 76 கிலோமீட்டர் பாதையில் விடப்பட்டன. 76-ல் காற்று இருக்கிறது, சுற்ற முடியாது.

அந்த எஸ்எஸ்எல்விதான் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பப் போகிறது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேர் தெற்கே போகலாம் என்பதுதான் அந்த இடத்தின் லாபம். மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி, கீழக்கரைப் படகுகள் பாதைக்குக் கிழக்கே இருக்கும். ஆனால் கடலில் விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்காது. பிஎஸ்எல்வி மூன்றாம் நிலையின் கூடு என்று கருதப்படும் ஒன்று 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஒதுங்கியது, கொட்டலசு மூடி.

வலையில் இப்படி ஏதாவது சிக்கினால், எரிந்து முடிந்த கூடு என்றால் பெரிய ஆபத்தில்லை, இழை கையில் குத்தும். தோல்வியடைந்த ஏவுதலின் துண்டு அப்படி இல்லை. சாம்பல் நிற, அழிரப்பர் மாதிரிக் கட்டி என்றால் அது எரியாத எரிபொருள். ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் பற்றிக்கொண்டால் தண்ணீரோ மணலோ அணைக்காது; புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், காற்று வரும் திசைக்குப் படகை ஒதுக்குங்கள். பந்து மாதிரி உலோக டேங்க் இன்னும் மோசம். அதில் ஹைட்ரசின் வகை நச்சு எரிபொருள் மிஞ்சியிருக்கலாம். அதன் வாடை மீன் கவிச்சியும் அமோனியாவும் கலந்தது, படகில் யாருக்கும் வித்தியாசமே தெரியாது.

இழுத்துப் போடாதீர்கள், வெட்டாதீர்கள், பழைய இரும்புக்கு எடை போடாதீர்கள். வலையை அறுத்துவிட்டு ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொண்டு கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.