ஊணூருக்கு அப்பால்

பிப்ரவரி 9

சங்கப் பாட்டுகளில் வரும் மருங்கூர்ப்பட்டினம் என்ற துறைமுகத்தையும் ஊணூரையும் தேடுகிறேன். கி.பி. 150 வாக்கில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய புவியியல் நூலின் பாகைக் கணக்கை (அட்சரேகை, தீர்க்கரேகை) அப்படியே நம்பி இராமநாதபுரம் கரையில் ஊர் தேட முடியாது. அவருக்கு முந்திய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,52,000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு) என்று கண்ட பூமியின் சுற்றளவைத் தாலமி 1,80,000 ஆகச் சுருக்கிக்கொண்டார். அவருடைய கணக்குப்படி வரைந்தால் நம் தீபகற்பம் தெற்கே நீள்வதே இல்லை. இலங்கையோ பல மடங்கு பெருத்துக் கிடக்கிறது.

ஊர்களின் வரிசை வேறு வகை. அது கடலோடிகளும் வணிகர்களும் சொல்லக் கேட்டது. கோரி முனை, பிறகு ஆர்கெய்ரு நகரம், பிறகு சாலூர் என்ற வணிகத்துறை. கோரியைத் தனுஷ்கோடிப் பக்கம் வைத்தால் மற்ற இரண்டையும் பாக் நீரிணைக் கரையில்தான் தேட வேண்டும். வரிசையைப் பிடித்துக்கொண்டு பாகைகளை விட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 11

இன்று நற்றிணை 258. அங்காடி நிழலில் குவித்த இறாலைக் கவ்விய காக்கை, அசைந்து நிற்கும் வங்கம் என்ற மரக்கலத்தின் பாய்மரத்தில் போய்த் தங்குகிறது. ஊர் மருங்கூர்ப்பட்டினம். நக்கீரர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்! சந்தையிலிருந்து காக்கை பறக்கும் தூரத்தில் மரக்கலம் நிற்கிறது என்றால் அது அலையடிக்கும் திறந்த கரையாக இருக்காது. கழியோ ஆற்று முகமோ வேண்டும். அகநானூறு 227 அதையே சொல்கிறது: ஊணூருக்கு அப்பால், ‘இருங்கழிப் படப்பை மருங்கூர்ப் பட்டினம்’.

பிப்ரவரி 16

வைகை முகத்துக்கு அருகே, அழகன்குளம் கோட்டைமேடு. மாநிலத் தொல்லியல் துறை 1986-87இல் இங்கே அகழத் தொடங்கியது. உருளை அச்சால் வரி பதித்த ரௌலட் பானை ஓடுகள், மது கொண்டுவந்த ஆம்போரா சாடித் துண்டுகள், ரோமானியக் காசுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு எல்லாம் இந்த மண்ணில் கிடைத்தவை. மருங்கூர்ப்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எனக்கும் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது.

ஆற்றங்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வைகை முகத்தைப் பற்றிக் கேட்டேன்.

“பெரிய கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் தம்பி, ஆறு கடலைப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் மணல்தான்.”

மரக்கலம் நின்ற கழி தூர்ந்துபோக இந்த மணல் போதும். துறைமுகத்தைக் கடலோரத்தில் மட்டும் தேடுவது ஏன் போதாது என்பது அங்கே நின்றபோது விளங்கியது.

பிப்ரவரி 17

இனி ஊணூர். தழும்பன் என்பவனின் ஊர், காவல் மதில் உடையது. பாட்டில் பட்டினத்துக்கு முன்னால் வருவதால் கோட்டைமேட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்புகிறேன். கண்மாய்க் கரைகளில் கருப்பு-சிவப்பு ஓடுகள் தெரியும் மேடுகளை நில அளவைப் படத்தில் குறித்து வருகிறேன். நாளை தேவிபட்டினம் சாலைக்கு மேற்கே.