பவானிசாகர்: 105 அடிக்குப் பின்னால்

செய்தியில் பவானிசாகர் நீர்மட்டம் 105 அடி என்றால் அணை நிரம்பிவிட்டது, 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணீர். மோயாறும் பவானியும்தான் நீர்வரத்து. நிரம்பினாலும் அணையிலிருந்து போகும் கீழ்பவானி வாய்க்காலின் 2,07,000 ஏக்கருக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் கிடையாது. பிரதான வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகளுக்கு இந்த முறை என்றால் இரட்டைப்படைக்கு அடுத்த முறை. ஆகஸ்ட் 15 திறப்பு நன்செய்க்கு, நெல் போடலாம். ஜனவரித் திறப்பு புன்செய்க்கு, கடலையும் எள்ளும்தான் தாங்கும். அதிலும் நெல் நட்டால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் வயிற்றில் அடிப்பதாகும்.

200 கிலோமீட்டர் வாய்க்கால், பெரும்பகுதி மண் கரை. கசிவை வீண் என்று நினைக்காதீர்கள், கரையோரக் கிணறுகள் ஊறுவது அதில்தான். ஆனால் கரை உடைந்தால் திறப்பையே நிறுத்தித்தான் அடைக்க முடியும். பயிர் அதுவரை காயும்.

கோடையில் மட்டம் நன்றாக இறங்கினால் உள்ளே மூழ்கிய டணாயக்கன் கோட்டைக் கோயில் தலைகாட்டும்.