சோறு ஆறினால் உதிர்கிறதா, ஒட்டுகிறதா?

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் ஒருத்தருக்குச் சுகர் என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டில் எழும் பேச்சு, சோற்றை நிறுத்து, சப்பாத்திக்கு மாறு என்பதுதான். குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைகிற மண்ணில் பிறந்து, மூணு வேளையும் சோறு தின்றே வளர்ந்தவரிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நாள் கேட்பார், அப்புறம் பழையபடி இலை நிறையச் சோறு போட்டுக்கொள்வார். எந்த அரிசி, எப்படிச் சமைத்தது, எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை. அமைலோபெக்டின் கிளை கிளையாகப் பிரிந்து கிடப்பது. வெந்தால் சீக்கிரம் குழையும், செரிமான நொதிகளும் அதைச் சுலபமாக உடைத்துவிடும், ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீளச் சங்கிலி, நெருங்கி இறுகிக்கொள்வதால் நொதி உள்ளே புக நேரமாகும். அரிசியின் அமைலோஸ் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 20 முதல் 25 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒட்டரிசியில் 2 சதவீதம்கூடத் தேறாது.

கடையில் வாங்கும் அரிசி மூட்டையில் இந்த அளவை அச்சடிப்பதில்லை. ஆனால் வடித்த சோற்றை ஆறவிட்டுத் தொட்டுப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அமைலோஸ் அதிகமுள்ள சோறு ஆறினதும் உதிரி உதிரியாகக் கொஞ்சம் விறைத்து நிற்கும், குறைந்தது பிசுபிசுவென்று ஒட்டும். குக்கரில் தண்ணீரைக் கூடுதலாக வைத்துக் குழையவிட்டால் எந்த அரிசியும் குழையத்தான் செய்யும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நிறத்தையும் நம்பவேண்டாம். சிவப்பும் கருப்பும் தவிட்டில் இருக்கிற நிறம், மாவுச்சத்து அதற்கு உள்ளே இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்தது பெரிய காரியம், அதற்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். அதற்காகப் பாரம்பரியம் என்று பெயர் ஒட்டிய எந்த அரிசியைத் தின்றாலும் சுகர் ஏறாது என்று விற்பது சரியில்லை, அதுவும் தவிட்டை நன்றாகத் தீட்டி எடுத்துவிட்டு.

நம் ஊர்ப் புழுங்கலுக்கு இதில் நல்ல இடம் உண்டு. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது மாவுச்சத்து ஒருமுறை குழைந்து மறுபடி இறுகுகிறது, தவிட்டில் இருக்கிற பி வைட்டமின்களும் கொஞ்சம் உள்ளே இறங்குகின்றன. அதனால் அதே ரகத்தின் பச்சரிசியைவிடப் பெரும்பாலும் மெதுவாகச் செரிக்கும். பழைய சோற்றிலும் இப்படித்தான்: ஆறும்போது அமைலோஸ் இறுகி, ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகிறது. ஒரு பங்குதான், முழுச் சோறும் இல்லை. கஞ்சியை வடித்துவிட்டால் சர்க்கரை போய்விடும் என்பார்கள், வெளியே கசிந்த கொஞ்சம் மாவுச்சத்துதான் போகும், மிச்சமெல்லாம் பருக்கையிலேயே இருக்கும்.

குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு அரிசியை வேறு வேறு நாளில், ஒரே அளவு சோறு, ஒரே குழம்பு என்று சாப்பிட்டு, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சுகர் தாழ்ந்துபோகலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள்.