புறங்கையும் நெற்றியும்

நாங்கள் பிலிப்பைன்ஸ் வந்தபோது மகனுக்கு நாலு வயது. கணவருக்கு லோஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, 1982 முதல் 1988 வரை நம் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமை தாங்கிய அதே இடம். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவைத் தெருவே லோலா என்றுதான் கூப்பிடும். லோலா என்றால் பாட்டி.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் அவருடைய பேரப்பிள்ளைகள் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்து, "மானோ போ" என்று சொல்லி, அவர் நீட்டும் கையைப் பிடித்து, குனிந்து, புறங்கையைத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். அவரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, கடவுள் உன்மேல் இரங்கட்டும் என்று சொல்வார். மானோ ஸ்பானியச் சொல், கை என்று பொருள். 'போ' என்பது நம் 'வாங்க', 'சொல்லுங்க'வில் வரும் 'ங்க' மாதிரி, மரியாதைக்குச் சேர்ப்பது. என் மகனோ தன்னைப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து, முகம் வாடி என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

அர்த்தம் சொன்ன பிறகும் அவன் அசையவில்லை. பக்கத்து வீட்டார் முன்னால் பிள்ளை மரியாதை தெரியாதவனாகத் தெரியக்கூடாதே என்று நான் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினேன். லோலா தடுத்துவிட்டார். "அவனை விடு, நீ செய்திருக்கிறாயா?" என்று கேட்டார். செய்ததே இல்லை. இரண்டு மாதமாக 'ஹலோ' சொல்லித் தலையாட்டியதோடு சரி.

மறுநாள் நானே குனிந்து அவர் கையை நெற்றியில் வைத்தேன். சோப்பு வாசனையும் சுருக்கமுமாக, அம்மாவை விட்டு வந்த பிறகு ஒரு பெரியவர் கை என் மேல் பட்டது அன்றைக்குத்தான். கண் நிறைந்துவிட்டது. ஒரு வாரத்தில் மகன் தானாகவே போய் நின்றான்.

அப்புறம் லீவுக்கு மதுரை போனோம். அவன் அம்மாச்சியின் கையை இழுத்து நெற்றியில் வைத்ததும் அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார், ஆனால் இன்னொரு கை தானாக அவன் தலைக்குப் போனது, "நல்லா இரு சாமி" என்றார். காலில் விழச் சொல்லவா என்று கணவர் கேட்டார். எனக்கு அது தேவையாகப் படவில்லை.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. அண்ணனைப் பார்த்து அவளும் செய்கிறாள். நெற்றி எட்டாமல் லோலாவின் கையை மூக்கில் வைத்துக்கொள்கிறாள், லோலா அதற்கும் முழு ஆசீர்வாதத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கையை எடுக்கிறார்.