‘அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்’: இதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல நான் பட்ட பாடு

நான் ஐசியூ நர்ஸ். இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ரைட்டிங்கில் 6.5, லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 வேண்டும். முதல் தடவை எனக்கு ஸ்பீக்கிங்கில் 6தான் வந்தது. சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்கையும் சம எடையில்தான் பார்க்கிறார்கள். ஆனால் எதில் விட்டோம் என்று தனித்தனியாக மதிப்பெண் தரமாட்டார்கள். அதனால் வீட்டுக்கு வந்ததும், தேர்வறையில் பேசியதில் நினைவிருந்ததையெல்லாம் திரும்பப் பேசி போனில் பதிந்து கேட்டேன். முதல் வாக்கியமே தப்பு: “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.”

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். பேசும்போது அது கைகொடுக்கவில்லை, ஏனென்றால் பேசும்போது மனசுக்குள் ஓடுவது தமிழ். “அஞ்சு வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்” என்று நிகழ்காலத்தில் சொன்னால் தமிழில் அது முழுமையான வாக்கியம். ஆங்கிலத்துக்கு அது போதாது. எப்போதோ தொடங்கி இப்போதுவரை வந்திருக்கிறது என்பதை வினைச்சொல்லே காட்ட வேண்டும்: “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.”

அதற்கப்புறம் அட்டவணையை மூடிவைத்துவிட்டு, தமிழிலேயே ஒரு அடையாளம் தேடினேன். கிடைத்தது. “அஞ்சு வருஷமா”, “ரெண்டு நாளா” என்று வந்தால் ‘ஃபார்’. “காலையிலிருந்து”, “2019லிருந்து” என்று வந்தால் ‘சின்ஸ்’. வேலை இன்னும் நடக்கிறது என்றால், இரண்டிலுமே ‘ஹேவ் பீன்’ அல்லது ‘ஹேஸ் பீன்’. டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றி ஹேண்டோவர் சொல்வோம் இல்லையா, அங்கே தினமும் வருகிற வாக்கியம் இது: “பேஷன்ட் ஈஸ் வாமிட்டிங் சின்ஸ் மார்னிங்.” என் வார்டில் நான் உட்பட எல்லோரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். “ஹேஸ் பீன் வாமிட்டிங்” என்பதுதான் சரி. “நாளையிலிருந்து” போல இனி தொடங்கப்போகிற விஷயத்துக்கு மட்டும் ‘சின்ஸ்’ வராது, ‘ஃப்ரம்’ போட வேண்டும்.

அடுத்தது “ஊசி போட்டிருக்கிறேன்”. “பத்து மணிக்கு ஊசி போட்டிருக்கிறேன்” என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதை அப்படியே “ஐ ஹேவ் கிவன் தி இன்ஜெக்‌ஷன் அட் டென்” என்றால் தப்பு. முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் “ஐ கேவ்” மட்டும்தான். நேரம் சொல்லாமல், ஊசி போட்டாகிவிட்டது, இனி நீ போட வேண்டாம் என்று தெரிவிக்கும்போதுதான் “ஐ ஹேவ் கிவன்”. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘இன் 2020’ எல்லாமே இதே கணக்குத்தான்.

எனக்கு அதிகம் மதிப்பெண் போனது ‘ஹேட்’டில்தான் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கிங்கின் இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். “போன பொங்கலுக்கு அத்தை வந்திருந்தாங்க” என்பதுதான் என் மனசில் ஓடியது. வாயில் வந்தது “மை ஆன்ட்டி ஹேட் கம்”. கதை முழுக்க ஹேட், ஹேட் என்றே போனேன். தமிழில் “வந்திருந்தாங்க” என்றால், வந்து சில நாள் தங்கினார்கள் என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. ஆங்கில ‘ஹேட்’டுக்கு அந்த வேலை கிடையாது. கடந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதற்கும் முன்னால் நடந்த இன்னொன்றைக் காட்டத்தான் அது.

ஐசியூவில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. “வென் தி டாக்டர் கேம், தி பிரஷர் ஹேட் டிராப்ட்” என்று எழுதினால், டாக்டர் வருவதற்கு முன்பே பிரஷர் இறங்கிவிட்டது என்று பொருள். ‘ஹேட்’ இல்லாமல் வெறும் “டிராப்ட்” என்று எழுதினால், அவர் வந்த பிறகு இறங்கியது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இதை ஒருதடவை கேஸ் ஷீட்டில் வைத்து யோசித்துப் பார்த்த பிறகு ‘ஹேட்’ எனக்குக் குழம்பவே இல்லை. உங்கள் வேலையிலும் எது முன்னால், எது பின்னால் என்பது முக்கியமான ஓர் இடம் இருக்கும். அங்கிருந்து ஒரு உதாரணம் எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்து உதாரணத்தைவிட நன்றாக நிற்கும்.

‘ஐஎன்ஜி’ விஷயம் எளிது. “எனக்கு ரெண்டு தம்பி இருந்துகொண்டிருக்கிறார்கள்” என்று நாம் சொல்வதில்லை. “காய்ச்சல் இருந்துகொண்டிருக்கிறது”, “எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது” என்றும் சொல்வதில்லை. தமிழில் ‘கொண்டிரு’ ஒட்டாத இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ‘ஐஎன்ஜி’ ஒட்டாது. அதனால் “பேஷன்ட் ஈஸ் ஹேவிங் ஃபீவர்” வேண்டாம், “பேஷன்ட் ஹேஸ் ஃபீவர்” போதும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லலாம், அதனால் “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” சரி.

‘ஹேவ் ரிட்டன்’, ‘ஹேவ் பீன் ரைட்டிங்’ இரண்டில் எது என்று தடுமாறினால், எத்தனை என்று கேட்கிறோமா, எவ்வளவு நேரமாக என்று கேட்கிறோமா என்று பாருங்கள். மூன்று ரிப்போர்ட் எழுதி முடித்தேன் என்றால் ‘ஹேவ் ரிட்டன்’. காலையிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்றால் ‘ஹேவ் பீன் ரைட்டிங்’. ‘வில் ஹேவ் பீன்’ பக்கம் ஸ்பீக்கிங்குக்காக நான் போகவே இல்லை. அதற்குச் செலவாகும் நேரத்தை ‘ஹேட்’டுக்குக் கொடுங்கள்.

பயிற்சி என்று நான் செய்தது ஒன்றுதான். டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது, அன்றைக்குப் பார்த்த ஒரு நோயாளியின் ஹேண்டோவரை, பெயர் சொல்லாமல், இரண்டு நிமிடம் போனில் பேசிப் பதிவேன். ராத்திரி அதைக் கேட்டு, வினைச்சொற்களை மட்டும் நோட்டில் எழுதுவேன். முதல் வாரம் ஒரு பதிவில் பதினோரு தப்பு. இரண்டு மாதத்தில் ஒன்றிரண்டாகக் குறைந்தது. இரண்டாம் தடவை ஸ்பீக்கிங்கில் 7 வந்தது. “ஈஸ் ஹேவிங் ஃபீவர்” மட்டும் நைட் டியூட்டி அசதியில் இன்னும் சில நாள் வாயில் வந்துவிடுகிறது. வந்தால் அங்கேயே நிறுத்தி, திருத்திச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பெட்டுக்குப் போகிறேன்.