கெட்டியான ஆயில் ஊற்றினால் என்ஜினுக்கு நல்லதா?

கையேட்டில் 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும் காருக்கு 5டபிள்யூ-40 ஊற்றினால் என்ன என்ற கேள்வி, கார் வைத்திருப்பவர்களிடையே ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பவருக்கு அந்த ஐயம் வருவது இயல்புதான். ஓடி நின்ற என்ஜினிலிருந்து எடுத்த கம்பியின் நுனியில் 20 கிரேடு ஆயில் துளியாகத் திரண்டு நிற்பதற்குள் வழிந்து துணியில் பரவிவிடுகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டை இவ்வளவு நீர்த்த ஒன்றா தாங்கப் போகிறது என்று தோன்றத்தான் செய்யும். கையேட்டை மீறவே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஆனால் கெட்டியான ஆயில் என்று சொல்பவர், எந்த வெப்பநிலையில் கெட்டி என்பதையும் சேர்த்துச் சொல்லாதவரை அந்தப் பேச்சில் பொருளில்லை.

டப்பாவின் மேலுள்ள இரண்டு எண்களும் எஸ்ஏஇ ஜே300 என்ற தர வரையறையிலிருந்து வருகின்றன. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகிறது: 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூ என்றால் மைனஸ் 30-லும், 15டபிள்யூ என்றால் மைனஸ் 20-லும் ஸ்டார்ட்டர் மோட்டாரால் என்ஜினைச் சுழற்ற முடியும் அளவுக்கு ஆயில் இளகியிருக்க வேண்டும். பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் அளக்கப்படும் பாகுத்தன்மையை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை, குறிக்கிறது. 20 கிரேடுக்கு அது 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை, 30 கிரேடுக்கு 12.5 வரை, 40 கிரேடுக்கு 16.3 வரை, 50 கிரேடுக்கு 21.9 வரை. இவற்றோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு அளவும் உண்டு. 150 டிகிரி வெப்பத்தில், பேரிங்குக்குள் இருப்பது போன்ற நெருக்கடியில் ஆயிலை வேகமாக அரைத்துப் பார்த்து எடுக்கும் அளவு அது. 20 கிரேடு 2.6-க்கும், 30 கிரேடு 2.9-க்கும், 5டபிள்யூ-40 போன்றவை 3.5-க்கும் குறையக் கூடாது. அலகு மில்லிபாஸ்கல் விநாடி. இரண்டு ஆயில்களை ஒப்பிடும்போது நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான், ஏனெனில் பேரிங்கில் உலோகத்தை உலோகம் தொடாமல் பிரித்து வைக்கும் ஆயில் படலம் நிற்குமா நிற்காதா என்பதற்கு மிக அருகில் இருக்கும் சான்று இதுவே.

இனி, பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மிக நீர்த்தது என்று நாம் கருதும் 0டபிள்யூ-20, 40 டிகிரியில் ஏறக்குறைய 45 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும். மிகக் கெட்டியானதாகக் கருதப்படும் 20டபிள்யூ-50, என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில் 22-ஐக்கூடத் தொடாது. அதாவது ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் உலகின் எந்த ஆயிலும் என்ஜினுக்குத் தேவையானதைவிட கெட்டியாகவே இருக்கிறது. ஆயில் கூடுதல் கெட்டியாக இருந்தால் அது மேலே கேம் ஷாஃப்ட்டுக்கும் டர்போவுக்கும் போய்ச் சேரும் நேரம் நீள்கிறதே தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. எனவே, கையேட்டைத் தாண்டியே தீருவேன் என்பவர் பின்னால் உள்ள எண்ணைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். முன்னால் உள்ள எண்ணைக் கூட்டுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆயில் பிரஷர் மீட்டர் உள்ள கார்களில், கெட்டியான ஆயிலுக்கு மாறியதும் முள் ஒரு படி மேலே போய் நிற்கும். அதைப் பார்த்து மகிழ்பவர்கள் ஏராளம். ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு ஆயிலைத்தான் தள்ளுகிறது; அந்த ஆயில் வழியில் சந்திக்கும் எதிர்ப்பைத்தான் முள் காட்டுகிறது. எதிர்ப்பு ஒரு வரம்பைத் தாண்டியதும் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதியைத் திருப்பி விட்டுவிடும். அந்த நிலையில் முள் உச்சத்தில் இருக்கும், பேரிங்குக்குப் போகும் ஓட்டமோ குறைந்திருக்கும். குளிர்ந்த என்ஜினில் ஃபில்ட்டரின் பைபாஸ் வால்வும் திறந்துகொண்டால், வடிகட்டப்படாத ஆயில் உள்ளே போகிறது. பேரிங்கிலிருந்து வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதும் இந்த ஓட்டம்தான் என்பதால், மீட்டரின் முள்ளை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதற்கில்லை.

படலத்தின் கதை வேறு. ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த வளைகோடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது: பாகுத்தன்மை போதாதபோது உலோகமும் உலோகமும் உரசி உராய்வு உயர்கிறது, படலம் முழுமையாக நின்ற பிறகும் பாகுத்தன்மையைக் கூட்டிக்கொண்டே போனால், ஆயிலைக் கிழித்துக்கொண்டு சுழலும் வேலையே உராய்வாக மாறி மறுபடியும் ஏறுகிறது. அந்த இரண்டாவது ஏற்றம் வெப்பமாகவும் வீணாகும் எரிபொருளாகவும் வெளிப்படுகிறது. பிஸ்டன் ரிங் மேல் எல்லையைத் தொட்டுத் திரும்பும் கணம் போன்ற சில இடங்களில் எந்த ஆயிலாலும் முழுப் படலம் நிற்பதில்லை. அங்கே பெருமளவு காப்பது ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருள்களே.

அப்படியானால் கையேடுதான் வேதமா? அதுவும் இல்லை. நீர்த்த ஆயிலைத் தயாரிப்பாளர்கள் தேர்ந்தெடுப்பதற்கு எரிபொருள் சிக்கன விதிகளும் ஒரு முக்கியக் காரணம். ஒரே என்ஜினுக்கு ஒரு நாட்டில் 0டபிள்யூ-20 மட்டும் என்றும், வேறொரு நாட்டில் 5டபிள்யூ-30 வரையிலும் அனுமதி என்றும் கையேடுகள் மாறுவதை இதைக்கொண்டுதான் புரிந்துகொள்ள முடியும். 0டபிள்யூ-20 சொல்லும் டொயோட்டா கையேடுகள் பலவற்றில், அதிவேகத்திலோ கடும் பாரத்துடனோ ஓட்டினால் பாகுத்தன்மை கூடிய ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் அந்தப் பக்கம்வரை போவதே இல்லை. 2025-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 என்ஜின் பொருத்திய ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தபோது, சோதனையில் தேறிய என்ஜின்களுக்கு 0டபிள்யூ-20-க்குப் பதிலாக 0டபிள்யூ-40 ஊற்றவும், ஆயில் ஊற்றும் துளையின் மூடியை மாற்றவும் முடிவு செய்தது. கிராங்க் ஷாஃப்ட்டிலும் கனெக்டிங் ராடிலும் இருந்த உற்பத்திக் குறைதான் அங்கே மூலக் காரணம் என்பதால், எல்லா என்ஜினுக்கும் 40 கிரேடு நல்லது என்பதற்கு இதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆனால் 20 கிரேடுக்கென்று விற்ற என்ஜினில் 40 கிரேடை அதன் தயாரிப்பாளரே ஊற்றச் சொன்னார் என்பதும், மாற்றியபோது முன்னால் இருந்த 0டபிள்யூவைத் தொடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் இன்னொரு நியாயமும் உண்டு. சூடேறுவதற்குள் நிறுத்தப்படும் குறுகிய ஓட்டங்களில் பெட்ரோல் ஆயிலில் கலந்து, ஊற்றியபோது 30 கிரேடாக இருந்ததை 20-ஆக இளக்கிவிடக்கூடும். அதற்கு ஒரு படி மேலே போவது ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதே சரியான மருந்து என்று நினைக்கிறேன், ஏனெனில் பெட்ரோல் கலந்த ஆயில் எந்தக் கிரேடில் இருந்தாலும் கெட்ட ஆயில்தான்.

கிரேடைவிடப் பெரிய ஆபத்து, கிரேடை மாற்றும் அவசரத்தில் தர முத்திரையை மறந்துவிடுவது. டீசல் காரில் புகைக்கரி வடிகட்டி இருந்தால், ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏவின் தர வரிசையில், சாம்பல் குறைந்த சி3 போன்ற வகை ஆயில் தேவை. அதை விட்டு, கெட்டியாக இருக்கிறதே என்று ஏ3/பி4 வகையை ஊற்றினால், எரியும் ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் படிந்து அடைக்கத் தொடங்கும், அது எரிந்து போகிற பொருளும் அல்ல. டர்போ பெட்ரோல் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் நேரும் முன்னெரிப்பை, அதாவது தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதை, தடுக்க அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி தரம் வந்திருக்கிறது. பழைய தரத்து 20டபிள்யூ-50-இல் அந்தப் பாதுகாப்பு இல்லை. வால்வு நேரத்தை மாற்றும் பொறிகளும் டைமிங் செயின் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. நுண்ணிய துளைகளில் ஆயில் தாமதமாகப் பாய்ந்தால் கம்ப்யூட்டர் பிழைக் குறியீடு காட்டி செக் என்ஜின் விளக்கை எரியவிடுவதும் உண்டு.

தேய்ந்த என்ஜினுக்கு வைத்தியமாகக் கெட்டி ஆயில் ஊற்றுவதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். சூடேறிய நிலையில் ஐடிலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது என்றால், முதலில் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டி உண்மையான அழுத்தத்தை அளக்க வேண்டும். சென்சார் பழுதா, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள வலை அடைப்பா, பேரிங் தேய்வா என்பது அப்போதுதான் தெரியும். 20டபிள்யூ-50 ஊற்றினால் விளக்கு அணையும், டப்பெட் சத்தமும் அடங்கும். ஆனால் பழுது அப்படியே இருக்கும்; வலை அடைத்திருந்தால் கெட்டி ஆயில் அதன் வழியே இன்னும் சிரமப்பட்டே ஏறும்.

பாரம் இழுப்பவர், நீண்ட நேரம் உச்ச வேகத்தில் ஓட்டுபவர், கடும் வெயிலில் மலையேறுபவர் ஆகியோருக்கு என் பரிந்துரை இதுதான்: முன்னெண்ணை அப்படியே வைத்து, பின்னெண்ணில் ஒரே ஒரு படி ஏறுங்கள், தயாரிப்பாளர் கேட்கும் தர முத்திரை புது டப்பாவிலும் இருக்கிறதா என்று பாருங்கள், உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் கையேட்டின் அனுமதிக்கு வெளியே போகாதீர்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் ஓடும் காருக்கு இந்த யோசனையே தேவையில்லை.