பெரியப்பா நெருங்கிய உறவு இல்லையாம்!

2024 நவம்பரில் காசிக்குப் போக நான்கு டிக்கெட். அப்பா, அம்மா, அத்தை, நான். ஆடி அமாவாசைக்கே ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தக் கரையில் மணல் எடுத்து வந்து, கங்கையில் கரைக்க வேண்டும் என்று டப்பாவில் மூடிப் பூஜை அலமாரியில் வைத்திருந்தோம். அப்பா ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கங்கா காவேரி எக்ஸ்பிரஸ்ல போயிடலாமே, ரெண்டு ராத்திரிதானே" என்றார். அத்தையின் முட்டியை நினைத்து நான்தான் விமானம் என்று பிடிவாதம் பிடித்தேன். டிக்கெட் விற்கும் ஒரு போர்ட்டலில் போட்டேன். தலைக்கு 399 ரூபாய் என்று இன்சூரன்ஸ் கேட்டது. நல்லதுக்குத்தானே என்று நானே டிக் அடித்தேன். பாலிசியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தீபாவளி முடிந்து நான்காம் நாள், வியாசர்பாடியில் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். பயணத் தேதி, பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாளாக அமைந்தது. தேதியை மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்றுவதற்கு ஒரு கட்டணம், புதுத் தேதியின் விலை வித்தியாசம் வேறு. அதற்குள் அத்தை, "வருஷம் திரும்பற வரைக்கும் கோயில் குளம் கிடையாது" என்று முடித்துவிட்டார். ஆபீஸ் நண்பர் ஒருவர், "கடைசி வரைக்கும் காத்திரு, அவங்களே ஃபிளைட்டை ரத்து பண்ணினா முழுப் பணமும் வரும்" என்றார். உண்மைதான், ஆனால் சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சூதாட்டம் ஆடும் தெம்பு எனக்கு இல்லை.

ரத்து பட்டனை அழுத்துமுன் வந்த கணக்கைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. ஒருவருக்குப் போக 6,600, வர 4,000. நான்கு பேருக்கு 42,400. ஒவ்வொரு வழிக்கும் ஆளுக்கு 3,500 விமானக் கம்பெனிக்கு, 300 போர்ட்டலுக்கு. திரும்பி வருவது 12,000 மட்டும். புக்கிங்போது கட்டிய கன்வீனியன்ஸ் ஃபீ இந்தக் கணக்கிலேயே இல்லை, அது போனது போனதுதான். ரயிலில் போட்டிருந்தால், 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது மூன்றாம் ஏசிக்கு ஆளுக்கு 180 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடித்திருப்பார்கள். அப்பா இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அழுத்தினேன். காரியம் முடிந்த பிறகுதான் அந்தத் திரும்பும் டிக்கெட் உறுத்த ஆரம்பித்தது. சலுகை டிக்கெட், 4,000-தான். அதில் எப்படி 3,500 எடுக்க முடியும்? இ-டிக்கெட்டில் பிரித்துப் போட்டிருந்தார்கள்: அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து 3,050, மீதி 950 வரியும் விமான நிலையக் கட்டணங்களும். விமானக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ-வின் விதி இதில் தெளிவு. ரத்துக் கட்டணம் எந்தச் சூழலிலும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. அரசு வரி, யு.டி.எஃப் எனப்படும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் போன்றவற்றைத் திருப்பியே ஆக வேண்டும். சலுகை டிக்கெட்டானாலும் சரி, விமானத்துக்குப் போகாமலே விட்டாலும் சரி. நாம் பறக்காதபோது அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன உரிமை?

போர்ட்டலுக்கு எழுதினால் "விமானக் கம்பெனியைக் கேளுங்கள்". கம்பெனிக்குப் போன் போட்டால் "எங்கே வாங்கினீர்களோ அங்கே". இந்தப் பந்தாட்டத்துக்கும் விதியில் பதில் இருக்கிறது. ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்புவது விமானக் கம்பெனியின் பொறுப்பு, அப்போதைய விதிப்படி 30 வேலை நாளுக்குள். இ-டிக்கெட்டின் அந்தப் பக்கத்தை இணைத்து, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் பதிந்தேன். ஆளுக்கு 450 வீதம் 1,800 ரூபாய் வந்தது. முதலில் "வாலட்டில் போடவா" என்றார்கள். பணமா, வாலட்டா என்பது நம் விருப்பம். கார்டுக்கே அனுப்பச் சொன்னேன்.

அடுத்தது இன்சூரன்ஸ். அப்போதுதான் பாலிசியை முழுதாகப் படித்தேன். பயண ரத்துக்குப் பணம் தருவார்கள், மனம் மாறினால் அல்ல. பயணிக்கோ அவரது "நெருங்கிய உறவினருக்கோ" மரணமோ ஆஸ்பத்திரிச் சேர்க்கையோ நேர்ந்தால் மட்டும். நெருங்கிய உறவினர் யார் என்று ஒரு பட்டியல்: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார். முடிந்தது.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரம்பூர் முழுக்கச் சுற்றியவர் அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாவுக்கு அவர் மூத்தார், அதுவும் இல்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் மட்டும் அண்ணன். ஆக ஒரே சாவு, ஒரே பயணம், இரண்டு பேருக்குக் காரணம் செல்லும், இரண்டு பேருக்குச் செல்லாது. பங்காளி வீட்டுத் தீட்டை எந்த ஃபாரத்தில் எழுதுவது?

அந்த இரண்டு பேருக்காவது வாங்கலாம் என்று இறங்கினேன். இறப்புச் சான்றிதழ் சுலபம், மாநகராட்சி இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் நடந்த மரணம் என்பதால் ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லை. வந்து பார்த்த டாக்டர் 4ஏ படிவத்தில் மாரடைப்பு என்று எழுதியிருந்தார். உடனே அடுத்த கேள்வி: ஏற்கெனவே இதய நோய் இருந்ததா? பாலிசி வாங்கும் முன்பே இருந்த நோயென்றால் தர மாட்டார்களாம். சர்க்கரை இருந்தது, இதயத்துக்கு வைத்தியம் பார்த்ததே இல்லை. தெரு முனை டாக்டர் லெட்டர்பேடில் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

பிறகு அண்ணன் தம்பி என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். எழுபது வயதுக்காரர் அதை எப்படி நிரூபிப்பார்? பெரியப்பாவின் வாரிசுச் சான்றிதழில் தம்பி பெயர் வராது. அம்மாதான் பீரோவின் அடித்தட்டிலிருந்து தாத்தா இறந்தபோது தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழை எடுத்தாள். மூன்று பிள்ளைகள் பெயரும் வரிசையாக. அத்தைக்கு மட்டும் அதில் தாத்தாவின் இன்ஷியல், ஆதாரில் மாமாவின் இன்ஷியல். பாரிமுனைக்குப் போய், இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கினோம்.

ஜனவரியில் ஆளுக்கு 6,050 வந்தது. விமானக் கம்பெனி கடைசியில் பிடித்தது போக 3,500, வர 3,050, ஆக 6,550. பாலிசிப்படி அதில் முதல் 500 நம் பங்கு. போர்ட்டல் பிடித்த 600 பாலிசிக்குள் வராது. அம்மாவுக்கும் எனக்கும் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்தேன், அதே பட்டியலைத் திருப்பி அனுப்பினார்கள். தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் எதுவும் இல்லை. போகவில்லை. அவர்கள் எழுதி வைத்தபடிதான் நடந்திருக்கிறார்கள், படிக்காதது நான்.

எல்லாம் கழித்து 16,500 ரூபாய் போயிற்று, பிரீமியம் தனி. மணல் டப்பா அதே அலமாரியில் இருக்கிறது. தன் 6,050-ஐ அத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "வருஷம் கழியட்டும், அந்த ரயில்ல எனக்குக் கீழ் பெர்த் கிடைக்குமான்னு பாரு" என்றார்.